சிட்டுவின் நுரையீரல்

நறுமுகை ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது 'என் தோட்டம்' என்று ஒரு படம் வரைந்து வரச் சொன்னார்கள். அவள் அப்பா சென்னியப்பன் வரைந்தார். இரண்டாம் வகுப்பில் தெர்மோகோல் சூரியக் குடும்பம். அதையும் சென்னியப்பன்தான் செய்தார். சனி கிரகத்துக்கு வளையம் போட பனியன் கம்பெனியிலிருந்து எலாஸ்டிக் கொண்டுவந்தார். மூன்றாம் வகுப்பில் எரிமலை. அது சமையலறையில் ஒத்திகை பார்க்கும்போதே வெடித்து, மனைவி கோகிலவாணி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் வகுப்பு தொடங்கியதும், 'அப்பாவின் கையெழுத்து இந்த வருடம் நன்றாகத் திருந்தியிருக்கிறது' என்று டீச்சரே நோட்டில் எழுதியனுப்பினார்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும், தங்கள் பிள்ளையின் பிராஜெக்டைத் தாங்கள் செய்து கொடுத்ததே இல்லையென்று. பிள்ளைக்குக் கொடுத்த வேலை பெற்றவர் வேலை என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். அதனால், ஆஸ்பத்திரியில் நறுமுகைக்கு ஓட்டப் பயிற்சியை வீட்டுப்பாடமாகக் கொடுத்தபோது நடந்ததற்கு சென்னியப்பனை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

நறுமுகைக்கு மூன்று வயதிலிருந்து இருமல். எதிர்வீட்டில் மிளகாய் வறுத்தால் இருமல், சிரித்தால் இருமல், சும்மா இருந்தாலும் இருமல். அவள் ஒருமுறை இருமினால் சென்னியப்பன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவார். ஒன்பது வயதுப் பெண்ணை மூன்றாவது மாடி வீட்டுக்கு இன்னமும் தூக்கிக்கொண்டுதான் ஏறுவார். "எறக்கி உடுங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவள் கெஞ்சுவாள். பள்ளியில் கடிதம் கொடுத்து, விளையாட்டு வகுப்பில் அவளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்திருந்தார். மற்ற பிள்ளைகள் ஓடும்போது அவர்களுடைய தண்ணீர் பாட்டில்களுக்கு அவள் காவல் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி கொடுக்கும் ரெஜினா மேடம் நுரையீரல் படத்தைக் காட்டி விளக்கினார். "மூச்சுக் குழாயெல்லாம் தளர்ந்துபோய் சளி தேங்கி நிக்குது. இடது பக்கம் அடியிலதான் ரொம்ப மோசம். இவ ஓடணும், குதிக்கணும், ஊதணும். அப்பதான் அது கிளம்பி மேல வரும். மூணு மாசம் கழிச்சு ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. அதுக்குள்ள நிலைமை மாறலைன்னா நுரையீரல்ல அந்தத் துண்டை அறுத்து எடுத்துருவாங்க."

சென்னியப்பன் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "ஓடுனா இருமுவாளுங்களே மேடம்?"

"இருமணும்ங்க. இருமினாத்தான் வெளிய வரும்."

இந்தப் பதில் அவர் காதில் விழுந்தது, மூளைவரை போகவில்லை.

ரெஜினா ஒரு தொடுதிரை டேப்பையும் ஒரு மார்புப்பட்டையையும் கொடுத்தார். பட்டையைக் கட்டிக்கொண்டால் மூச்சும் நாடித்துடிப்பும் அதில் பதிவாகி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும். டேப்பைத் திறந்தால் ஒரு சிறுமி வந்து நிற்பாள். இரட்டைச் சடை, ஒரு பல் விழுந்த சிரிப்பு. பெயர் சிட்டு. நறுமுகைக்கு என்ன நுரையீரலோ அதுதான் சிட்டுவுக்கும்.

"தனக்காக ஓடுன்னு சொன்னா பிள்ளைங்க பத்து நிமிஷம் ஓடாதுங்க," என்றார் ரெஜினா. "கூட்டாளிக்காகன்னா ஒரு மணி நேரம் ஓடும். இவ ஓடினா சிட்டு தேறுவா. இவ ஓடலைன்னா சிட்டுவுக்கு முடியாம போகும். அவ்வளவுதான் திட்டம்."

முதல் நாள் நறுமுகை பட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக் கூடத்தில் நின்ற இடத்திலேயே ஓடினாள். டேப்பில் சிட்டுவும் ஓடினாள். நான்காவது நிமிடம் இருவருக்கும் இருமல் வந்தது. ஐந்தாவது நிமிடம் நறுமுகை அப்பாவின் இடுப்பில் இருந்தாள். பட்டை மேசைமேல் இருந்தது.

"பொறுமையாப் பாத்துக்கலாம் சாமி. இன்னைக்குப் போதும்."

அந்த 'இன்னைக்குப் போதும்' பதினோரு நாள் நீடித்தது.

பன்னிரண்டாம் நாள் டேப்பைத் திறந்தால் சிட்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். "எனக்கு மூச்சு முட்டுது நறுமுகை," என்றாள்.

சென்னியப்பன் பதறிப்போனார். முதல் காரியமாக ஃபேனை நிறுத்தினார். டேப்பை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து உள்ளே வைத்தார். அதற்கு ஒரு குரங்குக் குல்லாவும் மாட்டிவிட்டார். திரையில் 'ஓய்வு' என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்தினார். உடம்புக்கு முடியாத பிள்ளையை ஓடவிடுவது எந்த ஊர் நியாயம்?

சேதி கட்டடம் முழுக்கப் பரவியது. முதலில் வந்தவர் கீழ்வீட்டு ராக்கியண்ணன். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் அரை டஜன் சாத்துக்குடியும் கொண்டுவந்தார். டேப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்ன கண்ணு, சாப்பிட்டியா?" என்று விசாரித்தார்.

"பசியே இல்லைங்க," என்றாள் சிட்டு.

"பாரு, பசியே இல்லையாமா," என்று ராக்கியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி தூதுவளை ரசம் வைத்து எடுத்துவந்து திரைக்கு முன்னால் ஆவி பறக்கக் காட்டினாள். இன்னொருத்தி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். அந்த நெடியில் நறுமுகை உள்ளே மூச்சுவிடாமல் இருமினாள். "சத்தம் போடாத கண்ணு, சிட்டு தூங்கறா" என்றார் யாரோ.

கோகிலவாணி மட்டும் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் ஏற்றுமதி ஆபீஸில் வெள்ளைக்காரர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவள். எதற்கும் லேசில் கண்கலங்க மாட்டாள். "சாத்துக்குடிய யாரு திங்கறதுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஓய்வெடுக்க எடுக்க சிட்டு மோசமானாள். பேச்சு குறைந்தது. ஒரு காலையில் நறுமுகை டேப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "சிட்டு செத்துருவாளாப்பா? நான் ஓடறேன்ப்பா. ஓடட்டுமா?"

பெற்ற பிள்ளையை ஓடவிட முடியாது. சிட்டுவைச் சாகவும் விட முடியாது. இந்த இக்கட்டில் சென்னியப்பனுக்கு ஒரு வழி தோன்றியது. நியாயமாகப் பார்த்தால் அவருக்கு எப்போதும் தோன்றுகிற வழிதான் அது. "நீ உக்காரு சாமி," என்றார். "அப்பா எதுக்கு இருக்கறேன்?"

மார்புப்பட்டை ஒன்பது வயதுக்கு அளவெடுத்தது. அவருடைய தொப்பையோடு சேர்ந்த மார்புக்குப் பாதிகூட வரவில்லை. மறுநாள் கம்பெனியிலிருந்து ஒன்றரை அங்குல எலாஸ்டிக் ஒரு முழம் கொண்டுவந்து ஒட்டுப்போட்டுத் தைத்தார். தையல் பிசிறில்லாமல் வந்தது. கட்டிக்கொண்டு வண்டி நிறுத்தும் இடத்தில் ஓடத் தொடங்கினார். ராக்கியண்ணன் பழைய விசிலைத் தேடி எடுத்துவந்து "ரைட், ரைட்!" என்று ஊதினார். நான்காவது சுற்றில் சென்னியப்பன் ஒரு ஸ்கூட்டர்மேல் சாய்ந்துவிட்டார். ஆனால் டேப்பில் சிட்டு போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். மேலே ஜன்னலில் இருந்து நறுமுகை கைதட்டினாள்.

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தினமும் காலை ஆறரைக்கு ஓட்டம். பிறகு பாட்டில் தண்ணீரில் குழாயை விட்டுக் குமிழி ஊதுவது. பிறகு வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிகிறாற்போல் 'ஹா' என்று மூச்சைத் தள்ளுவது. அவர் வெளியூர் போன நாட்களில் ராக்கியண்ணன் பட்டையைக் கட்டிக்கொண்டார். அவருக்குக் கால் வலித்தால் இரண்டாம் மாடி பேங்க்காரர். பட்டை கைமாறிக் கைமாறி, கட்டடத்தில் ஒரு டஜன் ஆண்கள் காலையில் ஓடினார்கள். பலருக்குச் சர்க்கரை இறங்கியது.

சிட்டு மலை ஏறத் தொடங்கினாள். நீச்சல் அடித்தாள். எல்லோரும் அவளிடம் பேசிப் பேசி அவளுக்கு ஊர்ப்பேச்சும் தொற்றிக்கொண்டது. "ஏனுங்கப்பா, இன்னொரு சுத்து போலாமுங்களா?" என்று கேட்பாள், சென்னியப்பன் உருகிப்போவார்.

"ஏனுங்க, சளி அவளுக்கு, ஓட்டம் உங்களுக்கா?" என்று கோகிலவாணி ஒருநாள் மறித்தாள். "அவ பசிக்கு நீங்க சோறு திம்பீங்களா?"

"சிட்டுவப் பாத்தியா நீ? எப்படி இருந்த புள்ள! அவ நுரையீரலும் இவ நுரையீரலும் ஒண்ணுன்னு மேடமே சொன்னாங்கல்ல?"

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் அதை நம்பினார். முதலில் பொய்யென்று தெரிந்துதான் ஓடினார். ஓட ஓட நம்பிக்கை வந்துவிட்டது. நறுமுகை இருமினால் டேப்பைத் திறந்து சிட்டுவைப் பார்ப்பார். சிட்டு மலை உச்சியில் நின்று கையாட்டுவாள். அவருக்கு மனம் அமைதியாகிவிடும். கம்பெனியில் பனியன் துணியில் ஒரு நூல் அறுந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற செக்கிங்காரர் அவர். மகளின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்ததைக் காணவில்லை.

இரண்டாவது மாத முடிவில் செய்தி வந்தது. 'நறுமுகை சென்னியப்பன், முழு நலம். மாவட்டத்தில் முதலிடம்.' அறுவைக்கான நாள் தானாகவே ரத்தாகியிருந்தது. சென்னியப்பன் கட்டடம் முழுக்க மைசூர்பாக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்த நறுமுகை இருமினாள். கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தபோது அதில் சிவப்பாக இருந்தது. பீட்ரூட் என்று சென்னியப்பன் நினைத்தார். அன்று வீட்டில் பீட்ரூட் சமைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வரவேற்பு இயந்திரம் நின்றிருந்தது. பெயரைச் சொன்னார்கள். இயந்திரம் மகிழ்ச்சியோடு பேசியது. "வாழ்த்துகள்! நறுமுகை முழு நலமாக இருக்கிறார். நலமானவர்களுக்கு இங்கே மருத்துவர் தேவையில்லை. வேறு யாருக்காவது நோய் உண்டா?"

"ரத்தம் வந்துச்சுங்க! எம்புள்ளைக்கு ரத்தம் வந்துச்சு!"

"நறுமுகையின் கையைத் தட்டில் வைக்கவும்."

நறுமுகை கையை வைத்தாள். இயந்திரம் சற்று யோசித்தது. "இவர் புதியவர். இந்தத் துடிப்பு எங்கள் பதிவில் இல்லை."

"அட, இவதானுங்க நறுமுகை!" என்று சென்னியப்பன் ஆத்திரத்தில் தட்டின்மேல் ஓங்கிக் கையை வைத்தார்.

"வணக்கம் நறுமுகை," என்றது இயந்திரம். "இன்று உங்கள் நாடி சற்றுப் படபடப்பாக இருக்கிறது. தண்ணீர் குடியுங்கள்."

கோகிலவாணி கணவனைப் பார்த்தாள். நறுமுகையும் பார்த்தாள். "அப்பா, என்ற பேரு உங்களுக்குப் போயிருச்சு," என்றாள் மெதுவாக. சென்னியப்பனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

சத்தம் கேட்டு வந்த ரெஜினா பிள்ளையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கடமையில் இருந்த டாக்டர் துண்டுச்சீட்டில் எழுதி மருந்து கொடுத்தார். ரத்தம் நின்றது. ஊதிப் பார்க்கும் சோதனையில், முதல் நாள் இருந்ததைவிட அளவு இறங்கியிருந்தது. அதன்பிறகு ரெஜினா மூவரையும் தன் அறையில் உட்காரவைத்தார்.

"எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்ல மாட்டேன்," என்றார் அவர். "சந்தேகம் இருந்துச்சு. எங்க மாவட்டத்துல இந்த வருஷம் நல்லா ஓடுற பிள்ளைங்க நானூறு பேர். நேர்ல போய்ப் பார்த்தா அதுல முந்நூறு பேருக்கு மீசை இருக்கு."

சென்னியப்பன் கை தானாக மீசைக்குப் போனது.

"பிள்ளைங்க எதுக்காக ஓடும்னு யோசிச்சுத்தான் இதைச் செஞ்சாங்க. பெத்தவங்க எதுக்காக ஓடுவாங்கன்னு யாரும் யோசிக்கல." ரெஜினா பெருமூச்சு விட்டார். "இப்ப சிக்கல் என்னன்னா, பதிவுல இவ நோயாளியே இல்ல. துண்டுச்சீட்டுல இன்னைக்கு ஒருநாள் ஓட்டலாம். பெரிய டாக்டர் பார்க்கணும்னா, மருந்து வாங்கணும்னா, ஆபரேஷனே வேணாம்னு முடிவு பண்ணணும்னாலும் பதிவு வேணும். அதைக் கையால திருத்த முடியாது. இவ பட்டையைக் கட்டி ஓடி, இவளோட சொந்த மூச்சு பதிவாகி, சிட்டு மறுபடி நோயாளி ஆகணும்."

"எத்தனை நாளைக்குங்க?" என்றாள் கோகிலவாணி.

"பத்துப் பதினஞ்சு நாள். ஓட ஓட இவளுக்கும் நல்லதுதான். ஆனா இவளே ஓடணும்."

வீட்டுக்கு வந்து, சென்னியப்பன் ஒட்டுப்போட்ட எலாஸ்டிக்கைப் பிரித்தெடுத்தார். பட்டை பழைய அளவுக்குச் சுருங்கியது. அதை மகளிடம் நீட்டினார். நறுமுகை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் கட்டமாட்டேன். சிட்டு இப்பத்தான் மலை ஏறுறா. நான் கட்டுனா அவ மறுபடி படுத்துருவா."

"அது வெறும் படம் கண்ணு," என்றாள் கோகிலவாணி.

"ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வந்தப்ப யாருமே படம்னு சொல்லலியே."

சென்னியப்பன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தபோது குரல் உடைந்தது. மகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று ஒன்பது வருடம் காப்பாற்றிவந்த வைராக்கியம் போயே போய்விட்டது.

"உனக்குப் பதிலா ஓட முடியும்னா அப்பா மெட்ராஸ் வரைக்கும் ஓடுவேன் சாமி. முடியலியே. நான் ஓடி ஓடி என்ற சளியத்தான் தள்ளுனேன். உன்றது உள்ளயே கெடக்குது. சிட்டு மலை ஏறுனா, அது எங்காலு கண்ணு, உங்காலு இல்ல."

நறுமுகை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அழுவதை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. "நான் ஓடறப்ப இருமுவேன்," என்றாள்.

"இருமு."

"நீங்க வந்து தூக்கிருவீங்க."

"மாட்டேன்."

"எல்லா வாட்டியும் தூக்கறீங்க. நீங்க உக்காந்தே இருக்கோணும். எந்திரிக்கவே கூடாது. ராக்கிய மாமாவும்தான். எல்லாருமே."

அப்படியாக, மறுநாள் காலை வண்டி நிறுத்தும் இடத்தில் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டன. ஓடிப் பழகிய பன்னிரண்டு ஆண்கள் அவற்றில் அமர்ந்தார்கள். நறுமுகை பட்டையைக் கட்டினாள். டேப்பில் சிட்டு மலை உச்சியில் நின்றிருந்தாள். நறுமுகை ஓடத் தொடங்கியதும், சிட்டு மலையிலிருந்து இறங்கிவந்து சமதரையில் அவள் வேகத்துக்கு ஓடினாள். கட்டடத்தின் பின்பக்கம் திரும்புவதற்கு முன்பே இருவரும் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார்கள். பன்னிரண்டு நாற்காலிகளும் ஒருசேர நகர்ந்தன. சென்னியப்பன் ஒரு ஜாண் எழுந்துவிட்டார். நறுமுகை குனிந்தபடியே தலையைத் திருப்பி முறைத்தாள். அவர் உட்கார்ந்தார்.

அவள் சுவரோரம் வைத்திருந்த கோப்பையில் சளியைத் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, மிச்சமும் போலாமுங்களா?" என்றாள் சிட்டு மூச்சு வாங்கியபடி.

அவர்கள் போனார்கள். அன்று ஒரு சுற்று. அடுத்த நாளும் ஒன்றுதான். நான்காம் நாள் ஒன்றரை. சென்னியப்பனுக்கு அந்த நாற்காலியைப்போல் ஒரு தண்டனை வாழ்நாளில் வாய்த்ததில்லை. அவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுந்து போகும்போது முதுகெல்லாம் வியர்த்திருக்கும், ஓடியவர்போல.

பதின்மூன்றாம் நாள் நறுமுகை மூன்று சுற்றுக்கு வந்திருந்தாள். அவள் கட்டடத்தின் பின்பக்கம் திரும்பி மறைந்தபோது சென்னியப்பனின் போனில் செய்தி வந்தது. அவர் சத்தமாகப் படித்தார். 'நறுமுகை சென்னியப்பன், வயது ஒன்பது. நோயாளி.' "எம்புள்ளைக்கு நோய் இருக்குதாமா!" என்று கத்தினார். "டாக்டர் வெள்ளிக்கிழமை பாக்கறாராமா! ரத்தான ஆபரேஷன மறுபடி போட்டு, ஆறு வாரம் தள்ளி வெச்சிருக்காங்களாமா, பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு!"

ராக்கியண்ணன் எட்டி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பேங்க்காரர் கைதட்டினார். ஒருவரும் எழவில்லை.

அப்போது பின்பக்கத்திலிருந்து இருமல் சத்தம் வந்தது. நீளமான, அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிற இருமல். அவள் இருக்கும் இடம் இங்கிருந்து தெரியாது. ராக்கியண்ணன் இருப்புக்கொள்ளாமல் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். "ஒருவாட்டி போய் எட்டிப் பாத்துட்டு வந்தரட்டுமா தம்பி?"

சென்னியப்பன் அவர் தோளில் கைவைத்து அழுத்தினார்.

"இருமட்டும்," என்றார்.